மாறுகண் கட்டை

எங்கள் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மாட்டினால் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். முடி போனவர்களுக்கு முடி செய்து கொடுப்பது எங்கள் தொழில். ஊரெல்லாம் அதை விக் என்று சொல்லட்டும், எங்கள் கடைக்குள் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. யாராவது வாய் தவறி ‘டோப்பா’ என்று சொல்லிவிட்டால் என் நாத்தனார் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவார். அவரைச் சமாதானப்படுத்தித் திரும்ப உட்கார வைப்பதற்குள் எனக்கே முடி கொட்டிவிடும். “சார், உங்க முடி ரெடி” என்றுதான் சொல்ல வேண்டும்.

கடை ஒரு பல் டாக்டருடைய கிளினிக்குக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே நடைவழி. எங்கள் வாடிக்கையாளர்கள் பல்வலிக்காரர்கள் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதில் நுழைவார்கள். கிளினிக்கைத் தாண்டியதும் கை கன்னத்தை விட்டு இறங்கிவிடும். இதனால் பல் டாக்டருக்குக் கைராசிக்காரர் என்று தெருவெல்லாம் பெயர். வலியோடு போகிறவர்கள் சிரித்துக்கொண்டு வெளியே வருகிறார்களாம்.

கடையில் நாங்கள் மூன்று பேர். என் கணவர் தலைக்கு அளவெடுப்பார், வலை தைப்பார், மாதாமாதம் முடியைக் கழற்றிக் கழுவித் திரும்ப ஒட்டிவிடுவார். அவருடைய அக்கா, அதாவது நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனார், ஒவ்வொரு முடியாக எடுத்து அந்த வலையில் முடிச்சுப் போடுவார். ஃபோன், கல்லா, சண்டை மூன்றும் என் இலாகா.

கணவருக்கு இயற்கையிலேயே காடு மாதிரி முடி. கல்யாணத்துக்கு நான் தலையாட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கண்ணாடி முன்னால் உட்காருகிறவர்கள் தங்கள் தலையைப் பார்க்காமல் இவர் தலையையே ஏக்கத்தோடு முறைக்க ஆரம்பித்ததால், வாரம் தவறாமல் மழித்துக்கொள்கிறார். முடிக் கடைக்காரர் மொட்டையாக நிற்கிறாரே என்று நான் குத்திக்காட்டாத நாளில்லை. அவர் சிரித்துவிட்டுப் போவார்.

எங்களிடம் வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது. நாங்கள் கேட்பதில்லை, அவர்கள் சொல்வதில்லை. மாதத்தில் அவர்கள் வரும் நாள்தான் பெயர். முதல் செவ்வாய், இரண்டாம் புதன், கடைசி வியாழன், இப்படி. ஒருவர் இருக்கும்போது இன்னொருவர் வரக்கூடாது. வெளியில் எதிரே பார்த்தால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. இரண்டாம் புதன் ஒருநாள் பஸ்ஸில் என் காலை நன்றாக மிதித்தார், நான் திட்டக்கூட இல்லை. என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய தியாகம் என்று புரியும். எங்கள் கடை நிற்பதே அந்த ஒரு வாக்கின் மேல்தான்.

பெயர் இல்லாததில் ஒரு சிக்கலும் உண்டு. கழுவிய முடியைக் காய வைக்கத் தலை மாதிரிக் கடைந்த மரக்கட்டைகள் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு கட்டை, அவரவர் தலை அளவில். எது யாருடையது என்று பெயர் எழுத முடியாதே, அதனால் என் கணவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வரைந்தார். ஒன்றுக்கு முறுக்கு மீசை, ஒன்றுக்குக் கொட்டாவி, ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும். முதல் செவ்வாயின் கட்டைக்குக் கண் வரைந்துகொண்டிருந்தபோது அண்ணி தும்மினார்.

அண்ணியின் தும்மலைத் தும்மல் என்று சொல்வது போதாது. கதவு தானாகத் திறக்கும். பல் டாக்டர் ஒருமுறை அந்தத் தும்மலில் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு, அவர் அதை இன்றுவரை மறுக்கவில்லை. கணவரின் கையிலிருந்த தூரிகை வழுக்கி, கட்டையின் இடது கண் மூக்கைப் பார்த்துத் திரும்பிவிட்டது. “விடு, அடையாளத்துக்குத்தானே” என்று அவர் அப்படியே விட்டுவிட்டார். ஒருவருடைய கட்டையை இன்னொருவர் பார்க்கப் போவதில்லை. அவரவர் வரும் நாளில் அவரவர் கட்டையை நாற்காலிக்கு எதிரே வைப்போம், முடி காய்ந்ததும் உள்ளே பூட்டிவிடுவோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஒருவர் சொல்லி ஒருவர் வருவது என்பதே கிடையாது. எந்த ஆளாவது “மச்சான், என் முடி எப்படி இருக்கு? நல்ல கடை ஒண்ணு சொல்றேன், நீயும் போ” என்பானா? உயிரே போனாலும் சொல்லமாட்டான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ஃபோனில் தேடிப் பார்த்து வருகிறவர்கள்தான். அவர்கள் பார்ப்பது நட்சத்திரத்தை. நாங்கள் ஐந்துக்கு நாலரை வைத்திருந்தோம். நான் அதைத் தினமும் காலையில் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வேன், சும்மா ஒரு சந்தோஷத்துக்கு.

ஒருநாள் காலையில் பார்த்தால் இரண்டு.

“மழையில் நனைந்தேன். முடி சுருங்கி உச்சந்தலையில் பிஸ்கட் அளவுக்கு ஆகிவிட்டது” என்று ஒரு ரிவ்யூ. “இன்டர்வியூவில் குனிந்தேன். முடி பறந்துபோய் மேனேஜர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. வேலையும் அதற்கே கிடைத்துவிட்டது” என்று இன்னொன்று. “கருப்பு கேட்டேன். வெயில் பட்டதும் பச்சையாகிறது.” “என் நாய் முதலில் இதைப் பார்த்துக் குரைத்தது. இப்போது இதைக் கட்டிப்பிடித்துத்தான் தூங்குகிறது, எனக்குத் தருவதில்லை.” எல்லாவற்றுக்கும் ஒற்றை நட்சத்திரம். பச்சையாவது, பிஸ்கட்டாவது! அண்ணி முடிச்சுப் போட்ட முடி புயலில் போனால்கூட ஆளோடு சேர்ந்துதான் போகும்.

மத்தியானம் ஃபோனில் ஒரு செய்தி வந்தது. “வணக்கம். உங்கள் கடையைப் பற்றி வரும் விமர்சனங்களைக் கண்டு வருந்துகிறோம். மாதம் ஒரு சிறு தொகை செலுத்தினால் அவை மறையும். செலுத்தாவிட்டால் பெருகும். அன்புடன், நலம் விரும்பி.” சிறு தொகை என்று அவன் சொன்னது எங்கள் கடை வாடகைக்குக் கிட்டே இருந்தது.

“பதில் போடாத. ஆத்திரத்துல எதையாவது எழுதி வைக்காத” என்றார் கணவர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் அனுப்பிவிட்டிருந்தேன். என்ன எழுதினேன் என்று இங்கே சொல்ல முடியாது, வீட்டில் பெரியவர்கள் படிப்பார்கள். பதிலுக்கு நலம் விரும்பி ஒரு சிரிக்கும் பொம்மை முகத்தை அனுப்பினான். சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு பேருடைய முடி நாசமாகியிருந்தது. ஒருவருடையதில் குருவி கூடு கட்டிவிட்டதாம்.

ரிவ்யூ போடும் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். “தங்கள் புகாரைக் கவனமாகப் பரிசீலித்தோம். இந்தப் பதிவுகள் எங்கள் விதிகளுக்கு உட்பட்டே உள்ளன. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?” என்று ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. ஒன்று தந்தேன்.

அடுத்து எங்கள் வாடிக்கையாளர்களைக் கெஞ்சினேன். மாதம் முழுக்க யார் வந்தாலும், “சார், ரெண்டு வரி நல்லதா எழுதுங்க சார்” என்றேன். எல்லோரும் நெளிந்தார்கள். கடைசியில் எழுதத்தான் செய்தார்கள், ஆனால் எழுதிய லட்சணத்தைப் பாருங்கள். “எனக்கு அல்ல, என் மாமாவுக்காக வாங்கினேன். அருமை.” “எனக்கு முடி ஏராளம். என் மாமா மிகவும் திருப்தியாக இருக்கிறார்.” “மாமா சார்பில் எழுதுகிறேன்.” ஒருவர் அதற்கும் மேலே போய், “நான் யாருக்கும் எதுவும் வாங்கவில்லை. வழி தவறி உள்ளே வந்துவிட்டேன். தரமான முடி” என்று எழுதியிருந்தார். ஒரே கடைக்கு இத்தனை மாமாக்களா என்று கம்பெனிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. போலி என்று சொல்லி அத்தனையையும் அழித்துவிட்டார்கள். குருவிக் கூடு மட்டும் பத்திரமாக இருந்தது.

போலீஸுக்கும் போனோம். கணவர் செய்திகளையெல்லாம் படம் எடுத்துக்கொண்டார், நான் பேச வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். இணையப் புகார்களைப் பார்க்கிற அதிகாரியின் அறைக்கு அனுப்பினார்கள். கதவைத் திறந்தால் மேஜைக்குப் பின்னால் கடைசி வியாழன்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கை தானாகப் போய்த் தொப்பியை அழுத்திக்கொண்டது. “யார் நீங்க? உங்களை நான் பார்த்ததே இல்லையே!” என்றார், நாங்கள் ஒன்றும் கேட்காமலேயே.

“நாங்களும் உங்களைப் பார்த்ததில்ல சார். புகார் குடுக்க வந்தோம்” என்றார் கணவர்.

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “என்ன கடைன்னு எழுதணும்மா. எழுதினா நாலு பேர் விசாரிக்க வருவாங்க, வந்தா உங்க ஷெல்ஃபைப் பார்ப்பாங்க. அங்க என் கட்டை வேற இருக்கு. சோபாக் கடைன்னு எழுதிக்கட்டுமா?”

சோபாக் கடை என்றே எழுதினார். சோபா மழையில் சுருங்கிப் பிஸ்கட் அளவுக்கு ஆன வழக்கு அப்படியே நிற்கிறது.

அந்த மாதம் புதிதாக ஒருவரும் ஃபோன் செய்யவில்லை. பழைய ஆட்கள் மட்டும் வந்தால் பசைக்கும் டேப்புக்கும்தான் சரியாக இருக்கும். அண்ணிக்கு முடிச்சுப் போட வேலையே இல்லை. பழைய வலைகளை எடுத்துப் பிரித்துப் பிரித்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்குப் பல் டாக்டர் வந்து, “உங்க ரூம் காலியாகுதுன்னா முதல்ல எனக்குச் சொல்லுங்க, எக்ஸ்ரே மெஷின் வைக்க இடம் வேணும்” என்று அன்பாக விசாரித்துவிட்டுப் போனார்.

“குடுத்துத் தொலைச்சுடலாமா?” என்றார் கணவர், மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே.

“ஒரு தடவை குடுத்தா ஆயுசுக்கும் குடுக்கணும். அதுக்கு எக்ஸ்ரே மெஷினே வரட்டும்” என்றேன். வீராப்பாகச் சொன்னேனே ஒழிய, அன்று ராத்திரி கல்லாவை இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன்.

நலம் விரும்பியிடமிருந்து மறுபடி செய்தி. “கடைசி வாய்ப்பு. இன்று ஒரு புதிய விமர்சனம் வரும். படித்துவிட்டு முடிவு செய்யவும்.” மூன்று பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அது வந்தது. வழக்கம்போல உரக்கப் படித்தேன்.

“கழுவிய முடியை ஒரு மரத்தலையில் மாட்டி எதிரே வைக்கிறார்கள். அதற்கு மாறுகண். முடி காயும்வரை அது என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. எந்த மனிதனுக்கும் இப்படி ஓர் அவமானம் நேரக்கூடாது.”

டீ டம்ளர் மூன்றும் அப்படியே நின்றன. மூன்று பேரும் ஒரே நேரத்தில், திறந்து கிடந்த உள் அலமாரியைத் திரும்பிப் பார்த்தோம். மாறுகண் கட்டை எங்களையும் பார்த்தது, மூக்கையும் பார்த்தது.

“முதல் செவ்வாய்!” என்றேன்.

“அவரா? ரொம்ப மரியாதையான மனுஷனாச்சே. போகும்போது மிதியடியை நேரா போட்டுட்டுப் போவாரே” என்றார் அண்ணி.

அந்தக் கட்டையை அவரைத் தவிர வெளியாள் யாரும் பார்த்ததில்லை. இத்தனை பொய் எழுதிய கையில் சரக்கு தீர்ந்துபோய்க் கடைசியில் ஓர் உண்மை வந்து விழுந்துவிட்டது. எங்களை ஏன் பிடித்தார் என்பதும் விளங்கியது. எங்களுக்காக எவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று வாடிக்கையாளரைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

எனக்கு வந்த கோபத்தில் திட்டங்கள் மளமளவென்று வந்தன. முடியைப் பின்பக்கம் முன்னால் வரும்படி ஒட்டிவிடலாம். உள்ளே அரிப்புப் பொடி போடலாம். பச்சைச் சாயத்தில் முக்கி, எழுதியதை உண்மையாக்கிவிடலாம். “முடி என்ன பாவம் பண்ணுச்சு?” என்று அண்ணி அந்தக் கட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தெருவில் அவர் போகும்போது பின்னாலிருந்து ஒரே இழுப்பு இழுக்கலாம் என்றேன்.

“கூடாது. உள்ள வந்த ஆளை வெளிய காட்டிக் குடுக்கறதில்லன்னு சொல்லியிருக்கோம். அவர் அயோக்கியரா இருந்தாலும் நம்ம செவ்வாய்” என்றார் கணவர்.

அடுத்த வாரமே அவருடைய முறை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார், கிளினிக்கைத் தாண்டியதும் கையை இறக்கினார், மிதியடியை நேராகப் போட்டார். சன்னமான குரல், இஸ்திரி கலையாத சட்டை. “என்ன மேடம், முகம் வாடியிருக்கு?” என்று என்னைக் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியைக் காட்டினேன்.

கணவர் ஓரங்களில் மருந்து தடவிப் பசையை இளக்கி, முடியைப் பூப்போல எடுத்தார். கழுவி, கட்டையில் மாட்டி எதிரே வைத்தார். அண்ணி மூலையில் தலை நிமிராமல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். விசிறி ஓடியது.

“சார், இதான் கடைசி. அடுத்த மாசம் கடை இருக்காது” என்றேன்.

“ஐயையோ, ஏன்?”

“யாரோ ஒருத்தன் பொய் பொய்யா எழுதிப் பணம் கேக்கறான். குடுக்க மாட்டோம். மூடறோம்.”

அவர் தொண்டையைச் செருமினார். “குடுத்துடலாமே மேடம். சின்னத் தொகையாத்தானே இருக்கும்?”

“முடியாது சார். நீங்க வேற கடை பார்த்துக்குங்க. எனக்குத் தெரிஞ்சு பக்கத்துல எங்கயும் இல்ல.”

வழுக்கையின் மேல் வியர்வை அரும்ப ஆரம்பித்தது. மாதாமாதம் கழுவி ஒட்ட ஆள் இல்லாவிட்டால் தன் தலையின் கதி என்ன என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். மிரட்டுகிறவர் கடை மூடிவிடும் என்று யோசிக்கவே இல்லை, பாருங்கள்.

“உங்க சாமானை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க” என்று கட்டையைத் தூக்கி, ஈர முடியோடு அவர் மடியில் வைத்தேன். இரண்டு முகமும் நேருக்கு நேர் இருந்தன.

“இதை அந்தப் பக்கம் திருப்புங்க!” என்று கத்தினார். அந்தச் சன்னக் குரலா இது என்று நான் பின்வாங்கினேன். “மூணு வருஷமா பார்க்கறேன்! வேணும்னுதானே வரைஞ்சீங்க? ஸ்கூல்ல கேலி, ஆபீஸ்ல கேலி. ஒருத்தர் கிட்டயும் சொல்லாம முடி வைக்க வந்த இடத்துலயும் என் கண்ணை வரைஞ்சு என் எதிர்லயே வைக்கறீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா?”

கணவர் கையிலிருந்த சீப்போடு குனிந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“சார், உங்களுக்கு மாறுகண்ணா?”

“தெரியாத மாதிரி நடிக்காதீங்க!”

“சத்தியமா தெரியாது சார். இத்தனை வருஷமா உங்க உச்சந்தலையைத்தான் பார்த்திருக்கேன். மூஞ்சியைப் பார்த்ததே இல்ல.”

நானும் அப்போதுதான் பார்த்தேன். இடது கண் கொஞ்சமே கொஞ்சம் மூக்குப் பக்கம் ஒதுங்கியிருந்தது. வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தால் கூசுவார்கள் என்று பார்க்காமலே பழகிவிட்டோம்.

“நான்தான். கண்ணு வரையறப்போ நான் தும்மிட்டேன்” என்றார் அண்ணி மூலையிலிருந்து.

“தும்மலா? யார் காதுல பூ சுத்தறீங்க? ஒரு தும்மல்ல கண்ணு திரும்புமா?”

அண்ணி பதில் சொல்ல வாயைத் திறந்தார். மருந்து நெடியோ, முடித் தூசியோ, மூக்கு விடைத்தது. “பிடிங்க சார், கட்டையைப் பிடிங்க!” என்று கணவர் கத்துவதற்குள் வந்துவிட்டது. கதவு திறந்துகொண்டது. கட்டை அவர் மடியிலிருந்து எகிறித் தரையில் உருண்டது. அவரும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். கிளினிக்கிலிருந்து யாரோ “டாக்டர், அந்தப் பல்லு இல்ல!” என்று அலறுவது கேட்டது.

முதல் செவ்வாய் திறந்த கதவைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். அப்புறம் கட்டையை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். “தும்மல்தானா” என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஒரு கணம் பாவமாக இருந்தது. உடனே குருவிக் கூடு ஞாபகம் வந்தது.

“கண்ணுக்குக் கோவம்னா எங்க கிட்ட கேட்டிருக்கணும். மாசாமாசம் பணம் எதுக்கு கேட்டீங்க?”

மறுக்கக்கூட இல்லை அவர். “அது தொழில் மேடம். நிறைய கடைக்கு பண்றேன்” என்றார். பிறகு மெதுவாக, “போலீஸ்ல சொல்லிடுவீங்களா?” என்று கேட்டார்.

“மாட்டோம் சார். இங்க வர்றவங்களைப் பத்தி யார் கிட்டயும் பேசறதில்ல. அதை நம்பித்தானே எங்களையே பிடிச்சீங்க?” என்றார் கணவர். கோபமே இல்லாமல் சொன்னார். நான் திட்டியிருந்தால்கூட அந்தத் தலை அவ்வளவு கீழே குனிந்திருக்காது.

அவர் ஃபோனை எடுத்தார். அப்போது அண்ணி எழுந்துபோய் விசிறியை அணைத்தார்.

“ஃபேன் போட்டா சீக்கிரம் காயுமேம்மா. எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு” என்றார் முதல் செவ்வாய்.

“காத்து முடிக்கு ஆகாது. மெதுவா காயட்டும். நீங்க உங்க வேலையைப் பாருங்க” என்றார் அண்ணி. முடிச்சுப் போட ஆரம்பித்த நாளிலிருந்து அந்த விசிறியை நிறுத்தாதவர் அவர்.

பிஸ்கட் போயிற்று, நாய் போயிற்று, பச்சை போயிற்று. குருவியின் பாஸ்வேர்டு மறந்துபோய் அவர் தவித்த தவிப்பைப் பார்க்க வேண்டுமே. எங்களுடையது முடிந்ததும் அவர் முடியைத் தொட்டுப் பார்த்தார். அண்ணியும் தொட்டுப் பார்த்து, “இன்னும் ஈரம். மத்த கடைங்களுது?” என்றார். செருப்புக் கடை, நீச்சல் வாத்தியார், பூட்டு ரிப்பேர் செய்பவர் என்று வரிசையாக அழித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் ஃபோனை மறைத்தார். எட்டிப் பார்த்தால் எங்கள் பல் டாக்டர்.

“பக்கத்து ரூமையுமா விடல?”

“முடி காயற வரைக்கும் நேரம் போகல மேடம்” என்றார் பரிதாபமாக.

எல்லாம் போய்க் கடைசியில் மாறுகண் ரிவ்யூ ஒன்று பாக்கி. அதன் மேல் விரலை வைத்தபோது நான் தடுத்தேன். “அது இருக்கட்டும் சார். அது ஒண்ணுதான் உண்மை.”

கணவர் தூரிகையை எடுத்து வந்தார். அண்ணியைப் பின்வாசல் வழியாகத் தெருமுனை வரைக்கும் அனுப்பிவைத்தோம். முதல் செவ்வாய் கட்டையைப் பிடித்துக்கொள்ள, கணவர் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வரைந்தார். கண் நேரானது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தேங்க்ஸ்” என்றார். நான் விசிறியைப் போட்டேன். ரிவ்யூவுக்குக் கீழே, “வருந்துகிறோம். கண்ணைச் சரிசெய்துவிட்டோம்” என்று பதில் எழுதினேன்.

கடைசி வியாழன் அந்த மாதம் வந்தபோது, “அந்த சோபா கேஸ்...” என்று இழுத்தார். “எந்த கேஸ் சார்? நாங்க உங்களைப் பார்த்ததே இல்லையே” என்றேன். மனுஷனுக்கு அப்படி ஒரு நிம்மதி.

கொஞ்ச நாளில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு புது ஆள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். அவரைப் பார்த்ததும் அண்ணி அவசரமாகப் புது ஊசியை எடுத்துக் கோத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, இருமி மறைத்தேன். கணவர் அளவெடுத்துவிட்டு, கடைந்து வைத்த கட்டைகளில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு முகம் வரைய உள்ளே போனார்.

“நிறைய கடை பார்த்தேங்க. எல்லாத்துலயும் ஆஹா ஓஹோன்னு எழுதியிருக்கு, நம்பிக்கையே வரல. உங்க கடையிலதான் ஒருத்தர் கட்டைக்கு மாறுகண்ணுன்னு எழுதியிருந்தாரு. தேடிப் பிடிச்சாலும் இவ்வளவுதான் குறைன்னா, தைரியமா போகலாம்னு தோணுச்சு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “யாருங்க அவரு?” என்று கேட்டார்.

சொன்னால் இந்த ஊரே சிரிக்கும் கதை. நாக்கு நுனியில் நின்று துடித்தது. விழுங்கினேன். “யாரோ சார். எங்களுக்கு யாரையும் தெரியாது” என்றேன்.

அப்போது உள்ளேயிருந்து அந்தத் தும்மல் வந்தது. ஜன்னல் அதிர்ந்தது, கதவு திறந்துகொண்டது. அதன் பின்னால், “ஐயோ அக்கா!” என்று என் கணவரின் குரல். நான் ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, புது ஆளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வேலையாக அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன். சின்ன மூக்குதான், கடவுளுக்கு நன்றி.

“சார், உங்க கட்டைக்கு மூக்கு காது வரைக்கும் போயிடுச்சு. வேணும்னு பண்ணல, இப்பவே அழிச்சு வேற வரைஞ்சிடுவாரு. மனசுல எதுவும் வச்சுக்காதீங்க, எதுவா இருந்தாலும் என் கிட்ட நேரா சொல்லிடுங்க” என்றேன்.